சென்டர் கேப் நிற்க மாட்டேன் என்கிறதா? கிளிப், ரிங், ஸ்க்ரூ: எது போனது, எதைத் தேடுவது

சக்கரத்தின் நடுவில் கம்பெனி முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் சின்ன மூடிதான் சென்டர் கேப். சக்கரம் முழுவதையும் மறைப்பது வீல் கப், அது வேறு சாமான், ஆனால் அதற்கும் சிக்கல் இதே மாதிரிதான் வரும் என்பதால் போகிற போக்கில் அதையும் சொல்லிவிடுகிறேன். மூடி விழுந்துவிட்டது என்று கடையில் போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "கிளிப்பெல்லாம் தனியா வராது சார், நாலும் செட்டா மாத்திடுங்க" என்பதுதான். பல நேரம் அது உண்மையில்லை. போனது மூடியா, மூடியைப் பிடித்திருந்த சாமானா, அந்தச் சாமான் கவ்வியிருந்த சக்கரத்தின் பள்ளமா என்று முதலில் பிரித்துப் பார்த்தால், ஒரு ஸ்க்ரூவிலோ ஒரு கம்பி வளையத்திலோ வேலை முடிந்துவிடுகிற கேஸ் நிறைய.

எந்த வகைப் பிடிமானம்?

விழுந்தது போகட்டும், மற்ற சக்கரத்தில் இருக்கும் நல்ல மூடி ஒன்றைக் கழற்றுங்கள். துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் விட்டு, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். அது முன்பக்கமாக வருகிற வகையாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது முத்திரைக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம்.

பின்பக்கம் பிளாஸ்டிக் கால்கள் வட்டமாக நின்று, அவற்றின் உட்புறத்தில் ஒரு கம்பி வளையம் ஓடினால் அது கிளிப் வகை. வண்டியோடு வருகிற அலாய் வீல்களில் பெரும்பாலும் இதுதான். மூடியின் முகத்தில் ஸ்க்ரூ தலை தெரிந்தால் ஸ்க்ரூ வகை, இது வெளியில் வாங்கிப் போடுகிற அலாய்களில் அதிகம், அதிலும் அமெரிக்க பாணி டிரக் வீல்களில் ரொம்பவே. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து செருகி, ஹப்புக்கும் (வண்டியில் சக்கரம் போய் உட்காரும் பாகம்) சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது மூன்றாவது. வீல் நட்டின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் நட்டை முறுக்கிப் பிடித்திருப்பது நாலாவது. பீட்டில், மோரிஸ் மைனர் மாதிரி பழைய வண்டிகளில் ஸ்டீல் ரிம்மிலேயே கிளிப்போ குமிழோ இருக்கும், தகட்டு மூடி அதன்மேல் ஏறி உட்காரும்.

கையில் ஒரு வெர்னியர் (தடிமன், ஆழம் அளக்கும் கருவி) இருந்தால் மீதி எல்லாம் எளிது. மலிவான பிளாஸ்டிக் டிஜிட்டல் வெர்னியரே போதும்.

மூடி முழுசாக இருக்கிறது, பள்ளத்தில் வண்டி இறங்கினால் விழுந்துவிடுகிறது

கால்கள் எல்லாம் உடையாமல் இருக்கின்றன, கையால் அழுத்தினால் உட்காரவும் செய்கிறது, ஆனால் "டக்" என்ற அந்தச் சத்தம் வரவில்லை. அப்படியென்றால் கம்பி வளையம் போயிருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் கால்களுக்குத் தனியாக அவ்வளவு பலம் கிடையாது. உள்ளே இருந்து வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஸ்பிரிங் கம்பிதான். மூடி விழும்போது வளையம் தனியாகத் தெறித்து ரோட்டோரம் போய்விடும், மூடியை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி மாட்டினால் அது எப்படி நிற்கும்?

நல்ல மூடியிலிருந்து வளையத்தை எடுத்து இரண்டு அளவு பாருங்கள். கம்பியின் தடிமன் ஒன்று, வெளியே எடுத்துச் சும்மா வைத்த நிலையில் வளையத்தின் விட்டம் இன்னொன்று. இந்த விட்டம் கால்களின் உட்புற வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும், அந்த வித்தியாசம்தான் பிடிமானம். வளையம் தொலையவில்லை, ஆனால் உட்புற வட்டத்துக்குச் சமமாகச் சுருங்கிவிட்டது என்றால், அதன் வாயைக் கையால் மெதுவாக விரித்து மாட்டினாலே போதும். மாட்டும்போது வளையத்தின் வாய் ஒரு காலுக்கு நேராக வரக் கூடாது, இரண்டு கால்களுக்கு இடையில் வர வேண்டும். வாய்க்கு நேராக இருக்கும் கால் ஆதரவில்லாமல் நிற்கும், அடுத்து உடைவது அதுதான்.

வளையம் மட்டும் வேண்டுமென்றால் சென்னையில் முதலில் போக வேண்டிய இடம் புதுப்பேட்டை. முகம் கீறி, குரோம் உரிந்து, யாரும் வாங்காத மூடிகள் அங்கே குவியலாகக் கிடக்கும். நமக்கு முகம் வேண்டாம், வளையம்தான் வேண்டும். மற்ற ஊர்களில் பழைய இரும்புக் கடை, இல்லையென்றால் ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் கடை. சாம்பிளைக் கொடுத்தால் அதே தடிமனில் வளைத்துக் கொடுப்பார்கள். கட்டுக்கம்பியை வளைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வளைத்தால் வளைந்தபடியே நிற்கிற கம்பி அது, திரும்பித் தள்ளாது. அதைவிட சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் தற்காலிகம்தான்.

வீல் கப்பிலும் இதே வளையம்தான், பெரிய அளவில். அதில் கூடுதலாக ஒரு விஷயம்: பெரும்பாலான வளையங்களில் ஒரு இடத்தில் உள்நோக்கி ஒரு வளைவு இருக்கும். அது டயர் வால்வுக்கு வழிவிடுவதற்கு. வளையம் சுழன்று அந்த வளைவு வேறு இடத்துக்குப் போய்விட்டால் கம்பி வால்வில் இடிக்கும், கப் ஒரு பக்கம் தூக்கியபடியே நிற்கும், அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் கழன்று ஓடும். வளைவை வால்வுக்கு நேராகத் திருப்புங்கள், அவ்வளவுதான், எதுவும் வாங்க வேண்டாம்.

ஒரே சக்கரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறது

மூடியை மாற்றிப் பார்த்தீர்கள், வளையத்தை மாற்றிப் பார்த்தீர்கள், மற்ற மூன்றும் ஒழுங்காக நிற்க இது மட்டும் விழுகிறது என்றால் மூடியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அந்த ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பெரும்பாலும் பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஒட்டிப் பிடிக்கிறது. இந்த மூடிகளில் பல ஏபிஎஸ் பிளாஸ்டிக், 100 டிகிரியைத் தொட்டால் இளக ஆரம்பித்துவிடும். கால்கள் உள்நோக்கிச் சாய்ந்து, ஆறியதும் அப்படியே இறுகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்த வண்டிகளில் முன்சக்கரம் இரண்டிலும் இப்படி ஆவதுண்டு, அது ஓட்டிய விதம். ஒன்றில் மட்டும் ஆனால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது பிரேக்கை.

சூடு இல்லையென்றால் சக்கரத்தின் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள். கால்களின் கொக்கி போய் மாட்டுவதற்கு உள்ளே ஒரு விளிம்பு இருக்கும். பெயிண்ட் அடித்த வீல் என்றால் அந்த விளிம்பில் பவுடர் கோட்டிங் தடியாகப் படிந்து பள்ளமே மூடியிருக்கலாம். பழைய வீல் என்றால் பிரேக் தூசியும் அலுமினிய உப்பும் சேர்ந்து வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ், அப்புறம் மெல்லிய உப்புத்தாள். விளிம்பைத் தேய்த்துக் குறைத்துவிடாமல் பொருக்கை மட்டும் எடுங்கள்.

கால் உடைந்திருக்கிறது

முதலில் யார் உடைத்தது என்று பார்ப்போம், ஏனென்றால் அடுத்த மூடிக்கும் அதே கதிதான். வீல் பேலன்சிங் செய்யும்போது மெஷினின் கூம்பு சக்கரத்தின் நடுத் துளை வழியாகத்தான் உட்கார வேண்டும், ஆகவே மூடியை எடுத்தே தீர வேண்டும். அவசரத்தில் பின்னாலிருந்து சுத்தியல் கைப்பிடியால் ஒரு குத்து, மூடி பறந்து தரையில் விழும், கால் போகும். பின்னாலிருந்து தள்ளுவதில் தப்பில்லை, ஒரு கையை முன்னால் வைத்துப் பிடித்துக்கொண்டு விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் தள்ள வேண்டும். டயர் கடைக்குப் போவதற்கு முன் நீங்களே கழற்றி டிக்கியில் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஒரு கால் மட்டும் உடைந்து மீதிக் கால்கள் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கால் போனால் நிற்காது. உடையாத கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடியில், மூடியோடு சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கால் பாதி செத்துவிட்டது.

ஒட்டலாமா? ஃபெவிக்விக் உடையாத வரைக்கும் நிற்கும், கால் வளைய வேண்டிய இடத்தில் அது வளையாது, முதல் அழுத்திலேயே டப்பென்று விட்டுவிடும். எம்சீலும் அதே கதைதான். சில பேர் சாலிடரிங் அயர்னால் உருக்கி, உள்ளே கம்பி வைத்து ஒட்டுகிறார்கள், கைத்திறனைப் பாராட்டலாம், நான் நம்ப மாட்டேன். மூடியையே சக்கரத்தில் சிலிகான் போட்டு ஒட்டுவது ஊருக்குப் போய்ச் சேரும்வரை சரி. நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அடுத்த பேலன்சிங்கில் அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கிளிப் வகையில் கால் போனால் மூடிதான் மாற்ற வேண்டும், இதில் கடைக்காரர் சொல்வது சரி, ஆனால் நாலும் மாற்ற வேண்டியதில்லை.

புது மூடி வாங்கினேன், சைஸ் சரி, ஆனால் உட்காரவில்லை

"65 எம்எம்" என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். அது வெளியே தெரிகிற முகத்தின் அளவு. மாட்டுவதை முடிவு செய்வது பின்பக்க அளவு, அதாவது எதிரெதிர்க் கால்களின் கொக்கி முனைகளுக்கு இடையே உள்ள தூரம். ஃபோக்ஸ்வேகனின் பரவலான மூடி ஒன்றுக்கு முகம் 65 எம்எம், பின்பக்கம் ஏறத்தாழ 56. அதே 65 முகத்தோடு பின்பக்கம் 60 இருக்கும் மூடியும் ஆன்லைனில் கிடைக்கும். இரண்டும் ஒரே படம், ஒரே விலை, உட்காருவது ஒன்றுதான்.

மூன்றாவது அளவும் ஒன்று உண்டு, பலர் விட்டுவிடுவார்கள்: மூடி விளிம்பின் அடியிலிருந்து கொக்கி வரை உள்ள ஆழம். இது சக்கர விளிம்பின் தடிமனோடு ஒத்துப்போக வேண்டும். ஆழம் குறைந்தால் கொக்கி விளிம்பைத் தாண்டாது, கூடினால் மாட்டிக்கொண்டபின் மூடி கடகடவென்று ஆடும்.

பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பல வருடங்களாக 68 எம்எம்தான் அங்கே வழக்கம், 36 13 6 783 536 என்ற எண்ணுள்ள மூடி அதுதான். பிறகு வந்த மாடல்களின் வீல்களில் 56 எம்எம். மெர்சிடஸில் பரவலானது 75. ஆகவே கம்பெனி பெயரைச் சொல்லி வாங்காமல் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஃபோக்ஸ்வேகனில் எண்ணின் நடுவில் 601 171 என்று வந்தால் அது சென்டர் கேப், அதற்கு முன்னால் உள்ள மூன்று எண்ணெழுத்தும் உங்கள் பழைய மூடியோடு ஒத்துப்போக வேண்டும். வெளியில் வாங்கிய அலாய் என்றால் வண்டிக் கம்பெனி எண் எதுவும் உதவாது, மூடிக்குப் பின்னாலோ வீலின் உட்புறத்திலோ வீல் கம்பெனியின் எண் இருக்கும்.

இன்னொரு குழப்பம் சென்டர் போர். சுசுகி ஸ்விஃப்டுக்கு 54.1, ஃபோக்ஸ்வேகனுக்கு 57.1, ஃபோர்டு ஃபிகோவுக்கு 63.4 என்று சொல்கிற அளவுகள் எல்லாம் வீலின் பின்பக்கத்தில் ஹப் நுழைகிற துளைக்கு. முன்பக்கம் மூடி உட்காரும் துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அளவெல்லாம் சரி, ஆனாலும் கடைசி இரண்டு மில்லிமீட்டர் இறங்கவில்லை என்றால் மூடியைப் போடாமல் துளைக்குள் பாருங்கள். ஹப்பின் நுனியோ ஆக்சில் நட்டோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீல் மாற்றிய வண்டிகளில் இது சகஜம். அந்த வீலுக்கு உயரமான மூடி வேண்டும், தட்டையானது ஆகாது. அழுத்தி உட்கார வைத்தாலும் ஹப் நுனி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கும்.

ஸ்க்ரூ ஒன்று காணவில்லை

எல்லாவற்றிலும் மலிவானது இதுதான், ஆனால் தப்பு நடப்பதும் இங்கேதான் அதிகம். நல்ல ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போல்ட் நட் கடைக்குப் போனால் ஐந்து நிமிட வேலை. சென்னையில் பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் கிடைக்காத ஸ்க்ரூ குறைவு. வீட்டிலிருந்தே வாங்குவதாக இருந்தால், அல்லது உள்ளூர்க் கடையில் "இது போதும் சார், போய்டும்" என்று ஏதோ ஒன்றைக் கொடுத்தால், நீங்களே அளந்து தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு அளவு. மரையின் மேல் வெர்னியரை வைத்துத் தடிமன். அப்புறம் ஒரு மரை முனையில் தொடங்கி ஐந்து இடைவெளி தாண்டிய முனை வரை உள்ள நீளம். தடிமன் 3.9 சொச்சமும் ஐந்து இடைவெளி 3.5 எம்எம்மும் என்றால் எம்4. தடிமன் 4.9 பக்கம், ஐந்து இடைவெளி 4 என்றால் எம்5. தடிமன் 5.9 பக்கம், இடைவெளி 5 என்றால் எம்6. இதில் அடங்காமல் இழுத்தால் அது அங்குல மரை, அதன் பெயரில் முதல் எண் தடிமன் வரிசை, அடுத்தது ஒரு அங்குலத்தில் எத்தனை மரை என்பது. தடிமன் 4.75 பக்கம் இருந்து ஐந்து இடைவெளி 5.3 வந்தால் 10-24, அதே தடிமனில் 4 வந்தால் 10-32. தடிமன் 4.1, இடைவெளி 4 என்றால் 8-32. தடிமன் 6.2, 6.3 இருந்து இடைவெளி 6.3 வந்தால் கால் அங்குலம், 20 மரை, நம்ம ஊர்க் கடையில் ரெண்டு நூல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அமெரிக்க பாணி வீல்களில் இந்த அங்குல வகைகளை எதிர்பாருங்கள், ஜப்பான், ஐரோப்பிய வீல்களில் எம் வரிசை.

இதில் ஆளை ஏமாற்றுவது எம்5-ம் 10-32-ம். எம்5-ன் மரை இடைவெளி 0.8 எம்எம், 10-32-ன் இடைவெளி 0.794. கண்ணுக்கு ஒரே ஸ்க்ரூ. எம்5 துளையில் 10-32-ஐப் போட்டால் வழுவழுவென்று இறங்கும், ஆனால் லேசாக ஆட்டம் இருக்கும், நெடுஞ்சாலையில் ஓடி ஓடித் தானாகவே கழன்றுவிடும். மாறாக 10-32 துளையில் எம்5-ஐப் போட்டால் இரண்டு சுற்று போய் இறுகும். அந்த இடத்தில் நிறுத்தாமல் முறுக்கினால் அலுமினிய மரை வெள்ளிச் சுருளாக வெளியே வரும். கையால் கடைசி வரை இறங்காத ஸ்க்ரூ தப்பான ஸ்க்ரூ, இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை, எல்லாம் போய்விட்டது என்றால்? டிரில் பிட்டுகளின் மழுங்கிய பின்பக்கத்தைத் துளையில் விட்டுப் பாருங்கள். 3.3 எம்எம் பிட் கச்சிதமாக நுழைந்தால் பெரும்பாலும் எம்4, 4.2 நுழைந்தால் எம்5, 5.0 என்றால் எம்6. 3.8 நுழைந்து 4.2 நுழையவில்லையென்றால் 10 வரிசை அங்குல மரையாக இருக்கும். பிட் இல்லையென்றால் இன்னொரு வழி: தீக்குச்சியின் மருந்தில்லாத பக்கத்தைக் கொஞ்சம் நனைத்து, துளைக்குள் விட்டு, ஒரு பக்கச் சுவரோடு ஆணியால் நன்றாக அழுத்திவிட்டு நேராக வெளியே எடுங்கள். மரத்தில் மரையின் பற்கள் வரிசையாகப் பதிந்திருக்கும், ஐந்து இடைவெளியை அதிலேயே அளந்துவிடலாம்.

அளவு கிடைத்தபின் தலையைப் பாருங்கள். மூடியில் ஸ்க்ரூ உட்காரும் இடம் கூம்பாகக் குழிந்திருந்தால் கவுண்டர்சங்க் தலை, கடையில் சிஎஸ்கே என்று கேளுங்கள், கிரிக்கெட் பேச மாட்டார்கள். அந்த இடம் தட்டையாக இருந்தால் பேன் ஹெட் அல்லது அலென் தலை. தட்டையான இடத்தில் சிஎஸ்கே ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினால் அந்தக் கூம்பு ஆப்பு மாதிரி இறங்கி மூடியைப் பிளந்துவிடும்.

நீளமும் முக்கியம். துளையின் ஆழத்தை வெர்னியரின் வால் கம்பியால் பார்த்து, மூடியின் தடிமனைச் சேர்த்து, அதைவிட ஒரு எம்எம் குறைவாக வாங்குங்கள். நீளம் கூடினால் ஸ்க்ரூ அடியில் போய் முட்டி இறுகிவிட்டது போலத் தெரியும், மூடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். துளை பின்பக்கம் திறந்திருந்தால் நீண்ட ஸ்க்ரூ ஹப்பையே தொடலாம்.

எஸ்எஸ் 304 ஸ்க்ரூ வாங்கினால் சுலபத்தில் துருப்பிடிக்காது, கடலோர ஊர்களுக்கு எஸ்எஸ் 316 இன்னும் நல்லது. ஆனால் எஸ்எஸ்ஸும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடி கட்டி ஸ்க்ரூ இறுகிவிடும். மாட்டும்போது மரையில் துளி ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் பசை), அது இல்லையென்றால் துளி கிரீஸ்.

ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை

மரை போய்விட்டது. எங்கே போனது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் தண்டுக்குள் நேரடியாக இறங்குகிற ஸ்க்ரூ என்றால் பழைய ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் தடியான அதே வகை ஸ்க்ரூ போதும். அந்த மாதிரி ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது நேராக முறுக்காமல், முதலில் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் "டிக்" என்று பழைய மரைக்குள் விழும், அங்கிருந்து முன்னோக்கி முறுக்கினால் மரை நீண்ட நாள் வரும். ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டிக்கொண்டு இறங்கினால் சீக்கிரமே வெறும் ஓட்டைதான் மிஞ்சும்.

அலாய் வீலிலேயே மரை போயிருந்தால் இரண்டு வழி. லேத் பட்டறையில் ஒரு சைஸ் ஏற்றி டேப் போடலாம், அதாவது புது மரை வெட்டலாம். எம்5 இருந்த இடத்தில் 5.0 எம்எம் டிரில், எம்6 டேப். ஆனால் மூடியில் உள்ள துளையையும் தலை உட்காரும் இடத்தையும் பெரிதாக்க வேண்டிவரும், மற்ற ஸ்க்ரூக்களோடு அது ஒத்தும் போகாது. எனக்குப் பிடித்தது ஹெலிகாயில். எம்5-க்கு 5.2 எம்எம் டிரில், அதற்கான டேப், அப்புறம் கம்பிச் சுருளை உள்ளே திருகிவிட்டால் பழைய எம்5 ஸ்க்ரூவே மறுபடி மாட்டும், முன்பைவிடத் திடமாக. டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒட்டும் டேப்பைச் சுற்றிக் குறி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூடிக்கான அந்தச் சின்னத் துளையோடு வேலை முடிய வேண்டும், வீல் நட் உட்காரும் இடத்தின் பக்கமோ ஸ்போக்கின் பக்கமோ டிரில் போகவே கூடாது.

ஸ்க்ரூ வெளியே வர மாட்டேன் என்கிறது

துருவிளக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில், தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் பிடியில் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு, பிறகு முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி, அப்புறம் கழற்றுகிற பக்கம். மூடி பிளாஸ்டிக் என்றால் ஹீட் கன், இம்பாக்ட் டிரைவர் எதுவும் வேண்டாம். தலை மழுங்கிவிட்டால் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். மூடி வந்துவிடும், நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் குறடால் பிடித்துத் திருகினால் பல நேரம் சுலபமாக வந்துவிடும், ஏனென்றால் இறுக்கிப் பிடித்திருந்தது தலைதான்.

மாட்டிய ஸ்க்ரூ மறுபடி மறுபடி லூஸாகிறது

உடனே கை போவது நீலத் திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் திரவம்) பாட்டிலுக்கு. உலோக மூடிக்குச் சரி. பிளாஸ்டிக் மூடியில் போடாதீர்கள். அந்தத் திரவம் ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்கில் பட்டால் மெல்லிய விரிசல் விட வைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து ஸ்க்ரூ துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரிக் கோடு கிளம்பும். பிளாஸ்டிக்குக்கு நைலான் வாஷர் அல்லது மரையில் நைலான் பட்டை வைத்த ஸ்க்ரூ நல்லது. இறுக்குவதும் குட்டை ஸ்க்ரூ டிரைவரால், விரல் பலத்தில். முழங்கை பலம் வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றாமல் மூடி வரவில்லை

பின்னாலிருந்து செருகும் வகை. இதில் கிளிப், ஸ்க்ரூ என்று தேடுவதற்கு ஒன்றுமே இல்லை, மூடியின் விளிம்புதான் பிடிமானம். உள்ளே ஆடுகிறது என்றால் விளிம்பு தேய்ந்திருக்கும், ஒரு ரப்பர் ஓ ரிங் போட்டு உட்கார வைத்தால் நிற்கும். ஆனால் மூடியின் விளிம்போ அந்த ரிங்கோ ஹப்பின் தட்டையான முகத்துக்கும் வீலுக்கும் நடுவில் சிக்கக் கூடாது. சிக்கினால் வீல் முழுசாக உட்காராது, நட்டு இறுகியது போலக் காட்டிவிட்டுப் பின்னால் தளரும். மாட்டியபின் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

வீல் நட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் நட்டு போய்விட்டது

செவ்ரலே, ஜிஎம்சி டிரக்குகளில் இது பிரபலம். உள்ளே உலோக வீல் நட்டு, அதன் வெளிப்பக்கத்திலும் மரை, அந்த மரையில் பிளாஸ்டிக் நட்டு ஏறி மூடியைப் பிடிக்கும். டயர் கடையில் இம்பாக்ட் கன்னை நேராக அதன் மேலேயே வைத்தால் அறுகோணம் உருண்டுபோகும். கையால்தான் கழற்ற வேண்டும். புதிது வாங்கியும் கவ்வவில்லை என்றால் வீல் நட்டையே யாரோ மாற்றியிருக்கிறார்கள், வெளி மரை இல்லாத சாதா நட்டு அங்கே இருக்கும். அப்போது வாங்க வேண்டியது வெளி மரையுள்ள உலோக நட்டு, ஸ்டட்டின் அளவும் நட்டு உட்காரும் கூம்பும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய ஸ்டீல் ரிம், தகட்டு மூடி உட்காரவில்லை

பீட்டிலில் ரிம்மோடு ரிவெட் அடித்த ஸ்பிரிங் கிளிப்புகள்தான் மூடியைப் பிடிக்கின்றன. பெரும்பாலும் அவை உள்ளே மடங்கியிருக்கும், அவ்வளவுதான். குறடால் துளி வெளியே வளைத்துவிட்டுப் பாருங்கள். முறிந்திருந்தால் பழைய ரிவெட்டின் தலையை டிரில் போட்டு எடுத்து, புது கிளிப்பை ரிவெட் அடிக்கலாம், கிளிப் செட்டாகக் கிடைக்கிறது. ரிம்மில் வெல்டிங் வைக்க வேண்டாம். இலங்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனர்களுக்கும் இதே வைத்தியம்தான். மூடியை மாட்டும்போது நடுவில் குத்தாதீர்கள், தகடு குழிந்துவிடும். இரண்டு கிளிப்பில் மாட்டிவிட்டு எதிர்ப்பக்க விளிம்பில் உள்ளங்கையின் அடியால் ஒரு தட்டு.

சக்கரத்திலிருந்து டக் டக்கென்று சத்தம்

மூடி ஆடினாலும் இப்படிக் கேட்கும், வீல் நட்டு தளர்ந்தாலும் இப்படித்தான் கேட்கும். ஆகவே முதல் வேலை மூடியைப் பார்ப்பதல்ல, வண்டியை ஓரங்கட்டி ஸ்பேனர் வைத்து நட்டுகளைப் பார்ப்பது. எல்லாம் இறுக்கமாக இருந்தால் நாலு மூடியையும் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் மூடிதான், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஆடுகிற மூடியின் கால்களுக்கு வெளியே மின்சார டேப் ஒரு சுற்று ஒட்டினால் புது வளையம் கிடைக்கும்வரை அடங்கும். சத்தம் நிற்கவில்லையென்றால் பேரிங், டிஸ்க் என்று தேட வேண்டிய இடம் வேறு.

விழுந்த மூடிக்குப் பின்னால் கிரீஸ் இருக்கிறது

இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சென்டர் கேப் இல்லாமல் வண்டி ஓடலாம், அழகு மட்டும்தான் குறையும். ஆனால் பின்சக்கரத்தை எஞ்சின் தள்ளுகிற பழைய வண்டிகளில் முன் ஹப்பின் நுனியில் ஒரு சின்ன தகட்டுக் கிண்ணம் இறுக்கமாக அடித்து வைத்திருக்கும். அது உள்ளே உள்ள கூம்பு ரோலர் பேரிங்கின் கிரீஸ் வெளியே வராமலும் மண், தண்ணீர் உள்ளே போகாமலும் காப்பது. விழுந்தது அதுவாக இருந்தால் ஸ்க்ரூவும் இல்லை, கிளிப்பும் இல்லை, துளையின் விட்டத்துக்குச் சரியான கிண்ணம் வாங்கி அடிக்க வேண்டும். அதற்கு முன் பழைய கிரீஸைத் துடைத்து விரலில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் மண் போய்விட்டது, பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைத்துத்தான் மூட வேண்டும். கிண்ணம் கிடைக்கும்வரை தடித்த பிளாஸ்டிக் பையை மேலே வைத்து டேப் சுற்றி, மழையில்லாத ரோட்டில் மெதுவாக மெக்கானிக் கடைவரை கொண்டுபோகலாம், அதற்கு மேல் வேண்டாம்.